காட்டில் மாடு மேய்ந்தால் காட்டுமாட்டுக்கு என்ன ஆகும்?

சிவகங்கைச் சீமையில் மாட்டைப் பற்றி எழுதுவது கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கும் அரளிப்பாறைக்கும் ஊரே திரளும் பகுதி இது. புலிக்குளம் மாட்டினத்துக்குப் பெயர் தந்த ஊர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, எருவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகரும் கீதாரிகள் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதியவர்கள் அல்ல. அதனால் "சரணாலயத்துக்குள் மேய்ச்சலுக்குத் தடை" என்று செய்தி வரும்போது இங்கே எழும் கேள்வி நியாயமானதுதான். காடு அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, நாலு மாடு மேய்ந்தால் யானைக்கோ புலிக்கோ என்ன கெட்டுப் போகும்?

ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், ஒரு விலங்கைக்கூடச் சுடாமல், ஒரு காட்டை அங்குள்ள விலங்குகளுக்குப் பயன்படாமல் செய்துவிட முடியும் என்பதுதான் பதில். அது எப்படி நடக்கிறது என்று மெதுவாகப் பார்க்கலாம்.

முதலில் பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் என்ன? காப்புக்காடு என்ற பலகை இருக்கும் இடமெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காக்களும் வனவிலங்குச் சரணாலயங்களும்தான் இதில் முக்கியமானவை. புலிகள் காப்பகம் என்ற அறிவிப்பு பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே அமைகிறது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயவே கூடாது. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ கட்டுப்படுத்தவோ தடுக்கவோ தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதனால்தான் ஒரு சரணாலயத்தில் மாட்டைப் பார்க்கிறோம், இன்னொன்றில் பார்ப்பதில்லை.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் சரணாலயம் என்றால் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி. அது பறவைகளுக்கானது. கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். சத்தம் ஒன்றே ஒரு உயிரை இடத்தைவிட்டு விரட்டிவிடும் என்பதை அந்த ஊர் மக்கள் எந்த ஆய்வையும் படிக்காமலே புரிந்துவைத்திருக்கிறார்கள். பாலூட்டிகளுக்கும் அதே கதைதான்.

அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு எது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உலக அளவில் இதற்கு ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலைப் பார்ப்பது வழக்கம். யானை, புலி, செந்நாய், வரையாடு, எறும்புதின்னி ஆகியவை அதில் அழியும் அபாயத்தில் உள்ளவை. காட்டுமாடு, கடமான், சிறுத்தை, கரடி ஆகியவை அதற்கு ஒரு படி கீழே, எளிதில் அந்த நிலைக்குப் போய்விடக்கூடியவை. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இந்தப் பட்டியலில் ஆபத்தான இடத்தில் இல்லை. ஆள் நடமாட்டத்தைப் புள்ளிமான் ஓரளவு தாங்கிக்கொள்ளும். காட்டுமாடும் கடமானும் செந்நாயும் அவ்வளவாகத் தாங்காது. ஆகவே சாலையோரத்தில் நிற்கும் மான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, காடு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கூச்சமுள்ள விலங்கு இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சரி, இப்போது புல்லுக்கு வருவோம்.

மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஒரு மாடு தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் அளவுக்கு உலர்ந்த தீவனம் தின்னும். 250 கிலோ எடையுள்ள நாட்டு மாடு ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 6 கிலோ. பச்சைப் புல்லாக எடுத்துக்கொண்டால் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு. 500 மாடு உள்ளே போனால் ஒரே நாளில் 3000 கிலோ உலர் தீவனம் காலி. காட்டுமாடு இதே புல்லைத்தான் தேடுகிறது. வளர்ந்த ஆண் காட்டுமாடு 1000 கிலோ வரை எடை போடக்கூடியது. அதற்கு வேண்டிய அளவு அங்கே மிஞ்ச வேண்டும்.

மழைக்காலத்தில் இது பெரிதாகத் தெரியாது, எல்லோருக்கும் போதுமான புல் இருக்கும். மாசி பங்குனிக்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பிக்கும். புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, நீர் இருக்கும் இரண்டு மூன்று இடங்களைச் சுற்றியே எல்லா விலங்கும் கூடும் காலம் அது. ஊரில் தீவனம் தட்டுப்படுவதும், மாட்டைக் காட்டுக்குள் ஓட்டுவதும் அதே மாதங்களில்தான். மாட்டின் கூட ஆள் இருக்கிறார், நாய் இருக்கிறது, கழுத்தில் மணி இருக்கிறது. நீர்நிலையில் முதல் உரிமை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டுவிலங்கு உடனே செத்து விழுவதில்லை. இளைக்கும். தாய் இளைத்தால் பால் குறையும், கன்று தப்பாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் மந்தை சிறுத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தாமதத்தால்தான் இந்த இழப்பை யாரும் மேய்ச்சலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

எத்தனை மாடு உள்ளே போகிறது என்பதைத் தீர்மானிப்பது சில நேரம் அந்த ஊரே அல்ல. கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டோரக் கிராமங்களில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே சாணம் ஒரு காலத்தில் அவரவர் வயலுக்கு மட்டுமே எருவானது. பிரேசில் நாட்டில் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகியதும் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. இங்குள்ள காப்பித் தோட்டக்காரர்கள் கூடுதல் எரு தேடினார்கள். பந்திப்பூர் கிராமங்களின் சாணத்துக்கு நல்ல விலை கிடைத்தது. பாலுக்கும் உழவுக்கும் உதவாத மாடுகளைக்கூடச் சாணத்துக்காகவே வைத்துக் காட்டுக்குள் ஓட்டி மேய்க்க ஆரம்பித்தார்கள். காட்டின் புல், மாட்டின் வயிற்றில் எருவாகி, வண்டியேறித் தோட்டத்துக்குப் போனது. எங்கோ தூரத்தில் விழுந்த பனி, இங்கே காட்டுமாட்டின் வாயில் இருந்த புல்லைப் பறித்தது. கிடை போட்டு எருவுக்குக் கூலி கொடுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மேய்ப்பவரின் பேராசை என்று இதைச் சுருக்கிவிடுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். அவர் சந்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பயம். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

வேட்டையாடாத மனிதனைக் கண்டாலும் காட்டுவிலங்குக்கு அவன் வேட்டைக்காரன்தான். விறகு பொறுக்கப் போகிறவர், தேன் எடுக்கப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஆள் சத்தம் கேட்டால் மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்கும். தலை தூக்கிய நேரமெல்லாம் தின்னாத நேரம். தொந்தரவு தொடர்ந்தால் அந்த இடத்தை விடும். இடத்தை விட முடியாவிட்டால் நேரத்தை மாற்றிக்கொள்ளும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் பல கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பகலும் இரவும் சரிபாதியாக நடமாடும் ஒரு விலங்கு, மனிதர் புழங்கும் இடத்தில் தன் நடமாட்டத்தில் இரவின் பங்கை 68 சதவீதமாக உயர்த்திக்கொள்கிறது என்பது அதன் முடிவு. மலையேறிப் போகும் ஆட்களுக்கும் துப்பாக்கியோடு வரும் ஆட்களுக்கும் விலங்குகள் காட்டிய எதிர்வினையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

இரவுக்கு மாறினால் தப்பித்தது என்று நினைக்கலாம். எல்லா விலங்குக்கும் அது ஒத்துவராது. செந்நாயை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கச் சேர்த்து, இனப்பெருக்கம் செய்யும் வயதுள்ள செந்நாய்கள் 2500-க்கும் குறைவாகவே இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில், கூட்டமாக ஓடித் துரத்தி வேட்டையாடுவது அதன் வழக்கம். மாடு மேய்ப்பவர்கள் காட்டுக்குள் இருக்கும் நேரமும் அதுதான். அப்புறம், இரை விலங்குகள் இரவுக்குப் போய்விட்டால் பகலில் வேட்டையாடுபவைக்கு மிஞ்சுவது என்ன? ஒரு விலங்கின் நேரத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் இன்னொன்றின் சாப்பாடும் மாறுகிறது.

ஆள் கூட்டம் என்றதும் சதுரகிரி நினைவுக்கு வராமல் இருக்காது. காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து ஆடி அமாவாசைக்கு அங்கே போகிறவர்கள் நிறைய. தாணிப்பாறையில் ஆரம்பிக்கும் அந்தப் பாதை ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்துக்குள் போகிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. மலையேறும் நேரத்தை வனத்துறை கட்டுப்படுத்துவதைப் பக்திக்குத் தடையாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாதை மனிதர் இல்லாமல் ஓய்ந்திருக்கும் நேரம்தான் அங்குள்ள கரடிக்கும் கடமானுக்கும் கிடைக்கும் நேரம். தைப்பூசத்துக்குப் பழனி வரை நடக்கும் நகரத்தார் கட்டுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு, கூட்டமாகப் போனாலும் ஒழுங்காகப் போக முடியும் என்று தெரியும். அந்த ஒழுங்கைக் காட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டியதுதான்.

நோய் இன்னொரு வழி, வேகமான வழி. 1968-இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில், மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவி, காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த இனம் அங்கே கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது, மீண்டு வர நீண்ட காலம் பிடித்தது. தடுப்பூசியால் அந்த நோய் 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுமையாக ஒழித்த இரண்டாவது நோய் அது. ஆனால் கோமாரி இருக்கிறது, அடைப்பான் இருக்கிறது. ஒரே குட்டையில் வாய் வைக்கும் மாட்டுக்கும் காட்டுமாட்டுக்கும் இடையே நோய்க்கு வேலி இல்லை.

மேய்ப்பவரோடு போகும் நாயையும் ஊர்த் தெருநாயையும் இங்கே சேர்க்க வேண்டும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. அது நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நோய். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இதே வைரஸ் அங்குள்ள சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. நம் பக்கம் கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் மானை நாய்கள் துரத்திக் கடித்துக் கொல்வது அடிக்கடி கேள்விப்படும் செய்தி. அப்படி ஒரு மானை நாயிடமிருந்து மீட்டால் அதைக் கட்டிப்போட்டுத் தடவிக்கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். துரத்தப்பட்ட அதிர்ச்சியிலும் பிடிபட்ட பயத்திலும் தசைகள் சிதைந்து, காயமே இல்லாத மான்கூட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துப்போகும். கண்ணைத் துணியால் மூடி, நிழலில் விட்டு, ஆட்களை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்வதுதான் அதற்குச் செய்யும் உதவி.

சீமைக்கருவேலைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடும் மாடும் நெற்றைத் தின்று, விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். வெளிமான்களுக்குப் பேர்போன கோடியக்கரை சரணாலயத்தில் இதே மரம் புல்வெளியை மூடிக்கொண்டு வருவது பெரிய கவலையாக இருக்கிறது. வெளிமான் திறந்த வெளியில் வாழ்வது, ஓடித் தப்பிப்பது. புதர் மூடிய இடம் அதற்கு வீடாகாது.

எல்லா விலங்குக்கும் பாதிப்பு ஒரே மாதிரி வராது என்பதற்குத் தேவாங்கைப் பாருங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்காக இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. செட்டிநாட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்த் திரும்பிவிடலாம். தேவாங்கு புல் தின்னாது. பூச்சிதான் அதற்கு முக்கிய உணவு, நடமாட்டம் இரவில். அப்படியானால் மேய்ச்சலால் அதற்கு என்ன? தேவாங்கு மரத்துக்கு மரம் தாவாது, கிளையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக நகரும். கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளாட்டுக்குத் தழை வேண்டி தொரட்டியால் கிளைகளை அறுத்துப் போடும்போது அந்த வழி அறுந்துபோகிறது. தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது. ஒரு கிளை போனதை மேலோட்டமாகப் பார்ப்பவர் சேதமாகவே எண்ண மாட்டார்.

இதையெல்லாம் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்பது நல்ல கேள்வி. தானியங்கி கேமராக்களைக் காட்டில் கட்டி வைக்கிறார்கள், சாணக் குவியல்களை எண்ணுகிறார்கள், நேர்கோட்டில் பாதை குறித்து, அதில் நடந்து கண்ணில் படும் விலங்குகளைக் கணக்கெடுக்கிறார்கள். மாடு அதிகம் உள்ள இடத்தில் காட்டுமாடு குறைவு என்று தெரிந்தவுடன் மாடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஊருக்குப் பக்கத்து இடமாக இருக்கலாம், மண் அப்படி இருக்கலாம், முன்பு வேட்டை நடந்திருக்கலாம். ஒரே இடத்தில் மாடு குறைவதற்கு முன்னும் பின்னும் பார்த்தால்தான் நம்பலாம். பந்திப்பூரின் ஒரு பகுதியில் கால்நடை எண்ணிக்கை பாதியளவுக்குக் குறைந்தபோது அப்படிப் பார்த்தார்கள். காட்டுமாடு பெருகியது.

அப்படியானால் எல்லாக் காட்டிலும் மாட்டை நிறுத்திவிடலாமா? அவசரப்படக் கூடாது. ராஜஸ்தானின் பரத்பூரில் 1982-இல் மேய்ச்சலை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். கிராம மக்களுக்கும் போலீசுக்கும் மோதல் வந்து உயிர்கள் போயின. எருமைகள் தின்று கட்டுப்பாட்டில் வைத்திருந்த புல் பிறகு நீர்நிலைகளை அடைத்து வளர்ந்து, பறவைகளுக்கே இடைஞ்சலானது. இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊர் வேறு வழியில் போனது. 1990-களின் பிற்பகுதியில் ஊர்க்காரர்களே பேசி, இழக்கும் மேய்ச்சலுக்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொண்டு, மலையில் ஒரு துண்டு நிலத்தைக் கால்நடை நுழையாமல் விட்டுவைத்தார்கள். பனிச்சிறுத்தையின் இரையான நீல ஆடுகள் அங்கே சில ஆண்டுகளிலேயே கண்கூடாகப் பெருகின. இரண்டையும் ஒப்பிட்டால் எனக்கு எது பிடிக்கும் என்பது தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் மட்டும் என்று சுருக்கியது. மலை மாடு வளர்ப்பவர்களுக்கு இது பெரிய அடி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது என்ற அவர்கள் வாதம் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. புலிக்குளம் மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று மஞ்சுவிரட்டு மேடையில் முழங்கும் நாம், அந்த மாடு மேய ஊர்ப் பொதுவில் இருந்த மேய்ச்சல் புறம்போக்குகள் எங்கே போயின என்று கேட்டிருக்க வேண்டும். கண்மாய்க் கரையும் பொட்டலும் சீமைக்கருவேலாலும் வீட்டுமனைகளாலும் மூடிப்போனதால்தான் மந்தை காட்டுப் பக்கம் திரும்புகிறது. ஊர் மேய்ச்சல் நிலத்தை மீட்காமல் சரணாலயத்து வாசலை மட்டும் பூட்டினால் கீதாரியிடம் எதைச் சொல்லி அனுப்புவது?

உடனே செய்யக்கூடிய வேலைகளில் எனக்கு முதலாவதாகப் படுவது தடுப்பூசி. சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவே சொல்கிறது. மேய்ப்பவரின் மாடும் பிழைக்கும், காட்டுமாடும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. காட்டோரத்தில் உறவினர் வீடோ தோட்டமோ இருப்பவர்கள், தங்கள் ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்ததா, நாய்களுக்கு வெறிநோய் ஊசி போட்டார்களா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் கிராமசபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.